அரசரின் சகலை: இடைக்கால ஹங்கேரியில் பதவியும் திருமணமும்

மனைவியின் சகோதரியை மணந்தவரைச் சகலை என்கிறோம். மனைவியின் சகோதரனுக்கு மைத்துனன் என்று வேறு சொல் வைத்திருக்கிறோம். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இந்த வேறுபாடு கிடையாது. இருவருக்கும் ஒரே சொல்தான். இடைக்கால ஹங்கேரியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு வழிகாட்டியது இந்தச் சகலை என்ற சொல்தான் என்றால் மிகையில்லை.

மிக்லோஷ் காராய் என்று ஒரு பிரபு. 1396 செப்டம்பரில், டான்யூப் கரையிலுள்ள நிக்கோபொலிஸில், தன் சகலைக்கு எதிராகப் போர்க்களத்தில் நின்றார். அந்தச் சகலை ஒட்டோமான் சுல்தான் முதலாம் பாயசீத். முதல் மனைவி இறந்து மறுமணம் செய்துகொண்ட பிறகு அவருக்கு இன்னொரு சகலை வாய்த்தார். அவர் ஹங்கேரிய அரசர் சிகிஸ்மண்ட்.

ஒரே மனிதர் இப்படிச் சுல்தானுக்கும் அரசருக்கும் உறவுக்காரர் ஆனது தற்செயல் அல்ல. ஹங்கேரியில் பிரபு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது புரிந்தால், அதன் காரணமும் புரிந்துவிடும்.

பட்டம் இல்லாத பிரபுக்கள்

பிரான்ஸ், இங்கிலாந்து பற்றிய கதைகளைப் படித்துப் பழகியவர்கள் முதலில் ஒன்றை மறக்க வேண்டும். அங்கெல்லாம் கோமகன், சீமான் போன்ற பட்டங்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து சேரும். ஹங்கேரியில் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உள்நாட்டுப் பிரபுக்களிடையே அப்படிப்பட்ட பரம்பரைப் பட்டம் கிடையாது. போர்த்தளபதி யானோஷ் ஹுன்யாதிக்கு 1453இல் பெஸ்தெர்செயின் நிரந்தரச் சீமான் என்ற பட்டம் கிடைத்தது பெரிய புதுமையாக இருந்தது.

அரசர் முதலாம் லாயோஷ் 1351இல் இயற்றிய சட்டம், நாட்டிலுள்ள எல்லாப் பிரபுக்களுக்கும் ஒரே உரிமை என்று அறிவித்தது. இரண்டு ஏர் வைத்து உழுபவரும் இருபது கோட்டைகளுக்கு உரியவரும் காகிதத்தில் சமம். அப்படியானால் பெரிய மனிதர் யார், சிறிய மனிதர் யார் என்று எப்படிச் சொல்வது? அப்போது அவர் என்ன பதவியில் இருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான்.

பதவிகளில் முதலாவது பாலட்டீன். ஹங்கேரிய மொழியில் நாதோர். ஆரம்பத்தில் அரசவையின் மேற்பார்வையாளராக இருந்த இவர், பின்னர் அரசருக்கு அடுத்த இடத்துக்கு வந்தார். 1222ஆம் ஆண்டின் பொன் முத்திரைச் சாசனம், நாட்டின் எல்லா மக்களுக்கும் நீதி வழங்கும் உரிமையை இவருக்குத் தந்தது. இவருக்கு அடுத்து அரசவை நீதிபதி, கருவூலத் தலைவர், கிழக்கே டிரான்சில்வேனியாவை ஆளும் வொய்வோட், தெற்கு எல்லைப் பிரதேசங்களை ஆளும் பான்கள். இந்தப் பதவிகளில் அமர்ந்தவர்கள்தான் நாட்டின் ‘பாரன்’கள். பதவி எவ்வளவு மதிப்புக்குரியது என்பதற்குக் குடும்பப் பெயர்களே சாட்சி: பான்ஃபி என்ற பெயருக்குப் பொருள் வெறுமனே ‘பானின் மகன்’. தந்தை ஒருமுறை பானாக இருந்ததைப் பேரன் பேத்திகள் வரை சுமந்து திரிந்தார்கள்.

இவர்களுக்குச் சம்பளம் என்று பணமாக எதுவும் பெரிதாக இல்லை. பதவியோடு சேர்த்து அரசரின் கோட்டைகள் சில ஒப்படைக்கப்படும். அந்தக் கோட்டைகளைச் சேர்ந்த கிராமங்களின் வருமானம், பதவியில் இருக்கும் வரை அவருக்கு. அரசர் நீக்கினால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பதவிக்காலம் என்று எதுவும் வகுக்கப்படவில்லை. அரசரின் மனம் மாறும் வரை என்பதே காலம்.

சொந்த நிலம் இருந்தது உண்மைதான். ஆனால் அதே 1351ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலத்துக்கும் ஒரு பூட்டுப் போட்டது. பூர்விகச் சொத்து குலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆண் வாரிசு இல்லாமல் போனால் பங்காளிகளுக்குப் போகும். பங்காளிகளும் இல்லையென்றால் அரசருக்கு. மகள்களுக்கு உரியது ‘மகளின் கால்பங்கு’, அதையும் பெரும்பாலும் நிலமாகக் கொடுக்காமல் பணமாகவோ பொருளாகவோ கொடுத்து முடித்தார்கள். இந்த முறை 1848 வரை நீடித்தது.

ஆகப் பதவி அரசர் கையில், நிலம் ஆண் குழந்தையின் ஆயுளில். ஒரு குடும்பம் தானாக முயன்று சம்பாதிக்கக்கூடியது, அரசரே நினைத்தாலும் பறிக்க முடியாதது என்று பார்த்தால் மிஞ்சுவது திருமண உறவு ஒன்றுதான். பாலட்டீனை நீக்கிவிடலாம். சகலையை நீக்க முடியாது.

எல்லையோரத்து ஊர்

காராய் குடும்பம் டொரோஷ்மா என்ற குலத்தின் கிளை. காரா என்ற ஊரிலிருந்து பெயர் வந்தது. இன்று அது கிழக்குக் குரோஷியாவில் ஜாகோவோ நகருக்கு அருகே கோர்யானி என்ற சிறிய கிராமம். பெந்தெகொஸ்தே நாளில் இளம்பெண்கள் வாள் ஏந்தி, பூச்சூடிய தொப்பி அணிந்து வீடு வீடாகச் செல்லும் ‘அரசிகள் ஊர்வலம்’ இந்த ஊரில் இன்றும் நடக்கிறது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. அந்தச் சடங்குக்கும் நம் கதைக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு அரசிகள் இந்த ஊருக்கு அருகேதான் சிறைபிடிக்கப்பட்டார்கள் என்பதை அறிந்தவருக்கு அந்தப் பெயர் கொஞ்சம் நெருடும்.

குடும்பத்தை உச்சிக்குக் கொண்டுவந்தவர் மூத்த மிக்லோஷ் காராய், நிக்கோபொலிஸில் நின்றவரின் தந்தை. 1359 முதல் 1375 வரை மாச்சோவின் பான். மாச்சோ என்பது சாவா ஆற்றுக்குத் தெற்கே, இன்றைய செர்பியாவின் வடமேற்கு மூலையிலுள்ள எல்லைப் பிரதேசம். அதன் பானுக்கு ஆற்றுக்கு வடக்கே சில மாவட்டங்களும் சேர்த்து ஒப்படைக்கப்படுவது வழக்கம். காராய்களின் பூர்விக நிலம் இருந்த வால்கோ மாவட்டமும் அவற்றில் ஒன்று. சொந்த ஊரிலேயே அரசரின் கையாக இருப்பது எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. 1375இல் அவர் பாலட்டீன் ஆனார்.

1382இல் அரசர் லாயோஷ் மகன் இல்லாமல் இறந்தார். சிறுமியான மகள் மேரி முடிசூட்டப்பட்டாள். ஆட்சியைத் தாய் எலிசபெத் நடத்தினார். எலிசபெத்தின் வலக்கை காராய். பெண் ஆட்சியை ஏற்காத தெற்குப் பிரபுக்கள், ஹோர்வாத் சகோதரர்களின் தலைமையில், லாயோஷின் வம்சத்தின் நேப்பிள்ஸ் கிளையைச் சேர்ந்த சார்லஸை அழைத்து வந்தார்கள். எதிரிகளைச் சமாதானப்படுத்துவதற்காக 1385இல் எலிசபெத் செய்த காரியங்களில் ஒன்று, காராயைப் பதவியிலிருந்து இறக்கியது. பத்தாண்டுப் பாலட்டீன், அரசியின் மிக நெருங்கிய ஆலோசகர், ஒரே நாளில் பதவி இழந்தார். சற்று முன் சொன்ன ‘மனம் மாறும் வரை’ இதுதான்.

அதற்குப் பின் நடந்தவை வேகமானவை. 1385 டிசம்பர் 31 அன்று சார்லஸ் முடிசூடினார். ஐந்து வாரம் கழித்து, பூடா அரண்மனையில் எலிசபெத்தின் ஆட்கள் அவரை வெட்டினார்கள். பிப்ரவரி இறுதியில் இறந்துபோனார். 1386 ஜூலை 25 அன்று, அரசிகள் இருவரையும் அழைத்துக்கொண்டு காராய் தெற்கே தன் ஊர்ப் பக்கமாகப் போனபோது யானோஷ் ஹோர்வாத்தின் படை வழிமறித்தது. காராய் சண்டையிட்டு மடிந்தார். அவருடைய தலை சார்லஸின் விதவைக்கு நேப்பிள்ஸுக்கு அனுப்பப்பட்டது. எலிசபெத் அடுத்த ஜனவரியில் அட்ரியாட்டிக் கடலோரம் நொவிகிராத் கோட்டையில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். மேரியை மணந்திருந்த லக்சம்பர்க் வம்சத்து இளைஞர் சிகிஸ்மண்ட், 1387 மார்ச்சில் ஹங்கேரியின் அரசராக முடிசூடினார்.

தந்தையின் தலையை இழந்த மகனுக்கும், மாமியாரை இழந்த மருமகனுக்கும் பொது எதிரி ஒருவரே. இரண்டாம் மிக்லோஷ் காராயும் சிகிஸ்மண்டும் நெருங்கிய தொடக்கம் இது. ஹோர்வாத் 1394இல் பிடிபட்டு பேச் நகரில் கொடூரமாகக் கொல்லப்பட்டார்.

இரண்டு திருமணங்கள், இரண்டு சகலைகள்

இளைய மிக்லோஷ் முதலில் மணந்தது செர்பியாவின் இளவரசர் லாசாரின் மகளை. எல்லைப் பிரபுவுக்கு எல்லைக்கு அப்பால் ஒரு மாமனார்: கணக்கு எளிதானது. ஆனால் லாசாருக்கு மகள்கள் பலர். ஒருத்தியை கொசோவோவின் வூக் பிராங்கோவிச் மணந்திருந்தார். இன்னொருத்தியை இன்றைய மான்டினெக்ரோவின் ஆட்சியாளர். 1389இல் கொசோவோ போரில் லாசார் மாண்ட பிறகு, செர்பியா ஒட்டோமான்களுக்குக் கப்பம் கட்டும் நாடானது. கடைசி மகள் ஒலிவேரா சுல்தான் பாயசீதின் மனைவியானாள். லாசாரின் மருமகன்களை வரிசையாக நிறுத்தினால் அது அப்படியே பால்கன் பகுதியின் அரசியல் வரைபடம்.

நிக்கோபொலிஸ் போர் இந்த உறவுகளின் நடுவே நடந்தது. சிகிஸ்மண்ட் தலைமையில் பிரெஞ்சு, ஹங்கேரியச் சிலுவைப் படை ஒரு பக்கம், அதில் காராய். எதிரே சகலை பாயசீத். அவருக்குத் துணையாக, லாசாரின் மகன் ஸ்தெபான், அதாவது காராயின் மைத்துனர். ஸ்தெபானின் குதிரைப்படை களமிறங்கிய பிறகுதான் சிலுவைப் படை முற்றாக உடைந்தது. சிகிஸ்மண்ட் டான்யூபில் படகேறித் தப்பினார். அவரோடு தப்பியவர்களில் காராயும் இருந்தார். செல்யேயின் சீமான் ஹெர்மனும் இருந்தார். இந்த ஹெர்மனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஸ்லோவேனியாவைச் சேர்ந்தவர். மணமாகாத மகள்களின் தகப்பன்.

1401 ஏப்ரல் 28. அந்நிய நாட்டவர்களுக்குப் பதவிகளை வாரி வழங்குகிறார் என்று குமுறிக்கொண்டிருந்த ஹங்கேரியப் பிரபுக்கள், பூடா அரண்மனையில் தங்கள் அரசரையே கைது செய்தார்கள். ஆட்சியைத் ‘திருமுடியின் பெயரால்’ நடத்தினார்கள். அதற்கென்று தனி முத்திரையும் செய்துகொண்டார்கள். அரசர் சிறையில், முடி ஆட்சியில் என்ற விந்தை. காராய் தன் மகனையும் சகோதரனையும் பிணையாகக் கொடுத்து, அரசரைத் தன் காவலில் எடுத்துக்கொண்டார். தெற்கே ஷிக்லோஷில் இருந்த தன் கோட்டையில் வைத்தார். இலையுதிர் காலத்தில் உடன்பாடு ஏற்பட்டு அரசர் அங்கிருந்து விடுதலையானார்.

அந்த உடன்பாட்டின் நிழலில் எழுந்ததுதான் இரண்டாவது திருமணக் கணக்கு. ஹெர்மனின் மகள் அன்னாவைக் காராய் மணப்பது. அன்னாவின் தங்கை பார்பராவை, மேரி 1395இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்ததால் மனைவியற்றிருந்த சிகிஸ்மண்ட் மணப்பது. பார்பரா அப்போது சிறுமி. திருமணம் 1405இல் நடந்தது. இதற்குள் 1402இலேயே காராய் பாலட்டீன் ஆகிவிட்டார். அடுத்த ஆண்டு மீண்டும் பெரும் கலகம் வெடித்தபோது அவர் அரசரோடு நின்றார். 1433 இறுதியில் சாகும் வரை அந்தப் பதவியை யாரும் அவரிடமிருந்து எடுக்கவில்லை. தந்தை பத்தாண்டில் இழந்ததை மகன் முப்பத்தொரு ஆண்டு வைத்திருந்தார். திறமை இல்லாமல் இது முடியாது. ஆனால் திறமைசாலிகள் பலர் அந்த அரசவையில் வந்து போனார்கள். அரசருக்குச் சகலையாக இருந்தவர் இவர்.

1408 டிசம்பரில் சிகிஸ்மண்டும் பார்பராவும் டிராகன் சங்கத்தைத் தொடங்கினார்கள். அரச குடும்பத்தைக் காப்பதும் புறச்சமய எதிரிகளோடு போரிடுவதும் நோக்கம் என்றார்கள். தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் 22 பேர். அந்தப் பட்டியலைக் காராய் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையாகவே படிக்கலாம்: மாமனார் ஹெர்மன், அவர் மகனும் காராயின் மைத்துனருமான ஃபிரெடரிக், முதல் மனைவியின் சகோதரர் ஸ்தெபான் (நிக்கோபொலிஸில் எதிரே நின்றவர், இப்போது சிகிஸ்மண்டின் ஆள்), நம் பாலட்டீன், எல்லோருக்கும் மேலே சகலை.

ஏன் இவ்வளவு தொலைவில் பெண் எடுத்தார்கள் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள். திருச்சபை 1215 முதல் நான்கு தலைமுறை வரையிலான உறவுக்குள் திருமணத்தைத் தடை செய்திருந்தது. முறைப்பெண் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை, மாமன் மகள் தடைசெய்யப்பட்டவள். மேல்மட்டத்தில் சில குடும்பங்களே இருந்ததால் உள்ளூரில் பெண் கிடைப்பது கடினமாகிக்கொண்டே போகும். இன்னொன்று, பட்டம் இல்லாத நாட்டின் பிரபுவுக்கு, பட்டம் உள்ள வீட்டுப் பெண் தனி மதிப்பைத் தந்தாள். மிக்லோஷின் சகோதரர் யானோஷ் போலந்தின் மசோவிய இளவரச குடும்பத்தில் பெண் எடுத்தார். யானோஷின் மகள் டோரத்தியா 1428இல் போஸ்னியாவின் அரசர் இரண்டாம் த்வர்த்கோவை மணந்து அரசியானாள். எல்லையோரத்துக் காராவிலிருந்து கிளம்பிய குடும்பம் மூன்று தலைமுறைக்குள் ஓர் அரசியைத் தந்துவிட்டது.

கணக்கு தப்பியது

அன்னாவின் மகன் லாஸ்லோ காராய். அரசி பார்பரா இவருக்குச் சித்தி. சிகிஸ்மண்டின் ஒரே வாரிசான எலிசபெத், சித்தி மகள். நம் முறைப்படி சகோதரி. 1440இல் கணவரை இழந்து நிறைகர்ப்பிணியாக இருந்த எலிசபெத்துக்கு எதிராக, பிரபுக்களில் பெரும்பாலோர் போலந்து அரசரை அழைத்தார்கள். திருமுடியோ விஷெக்ராத் கோட்டையில், லாஸ்லோ காராயின் பொறுப்பில். எலிசபெத்தின் பணிப்பெண் ஹெலனே கொட்டானர் பிப்ரவரி இரவொன்றில் கோட்டைக்குள் புகுந்து, பூட்டுகளை அறுத்து, முடியை எடுத்து, ஒரு தலையணைக்குள் தைத்து, உறைந்த டான்யூபைக் கடந்து அரசியிடம் சேர்த்தார். கோமாரோமில் சில மணி நேரத்தில் குழந்தை பிறந்தது. மே மாதம் பச்சைக்குழந்தையாகவே முடிசூடிய அவன்தான் ஐந்தாம் லாஸ்லோ. இந்தத் திருட்டை அந்தப் பெண்மணியே பின்னர் எழுதிவைத்தார்.

தொடர்ந்த உள்நாட்டுப் போரில் காராய் எலிசபெத்தின் பக்கம் நின்றார். பாத்தாசேக் அருகே தோற்றார். தோற்கடித்தவர்கள் மிக்லோஷ் உய்லாகியும், புதிதாக எழுந்துவந்த யானோஷ் ஹுன்யாதியும். பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் பகை மூண்டது. ஆனாலும் 1447இல் காராய் பாலட்டீன் ஆனார். பகையை ஆற்ற வழக்கமான மருந்தும் கையாளப்பட்டது: காராயின் மகளை ஹுன்யாதியின் மூத்த மகன் லாஸ்லோவுக்கு நிச்சயித்தார்கள்.

மருந்து பலிக்கவில்லை. 1456 நவம்பரில், பெல்கிரேடில், லாஸ்லோ ஹுன்யாதியின் ஆட்கள் செல்யே வம்சத்து உல்ரிக்கை வெட்டிக் கொன்றார்கள். உல்ரிக், ஃபிரெடரிக்கின் மகன். அதாவது லாஸ்லோ காராயின் தாய்மாமன் மகன். அடுத்த மார்ச் 16 அன்று, அரசர் ஐந்தாம் லாஸ்லோவின் ஆணைப்படி, லாஸ்லோ ஹுன்யாதியின் தலை பூடாவில் துண்டிக்கப்பட்டது. அரசருக்கு ஆலோசனை சொன்ன பாலட்டீன் யார் என்பது ஊருக்கே தெரியும். மருமகனாக வரவிருந்தவனின் சாவில் மாமனாருக்குப் பங்கு என்ற பழி காராய் பெயரோடு ஒட்டிக்கொண்டது; 19ஆம் நூற்றாண்டு ஹங்கேரிய மேடையில் அவர் வில்லனாகவே வந்தார்.

எட்டு மாதத்தில், பதினேழு வயதில், அரசரும் இறந்தார். வாரிசு இல்லை. இப்போது ஹுன்யாதியின் இளைய மகன் மாத்யாஷின் பெயர் அடிபட்டது. பதினான்கு வயதுப் பையன், பிராகில் பிடித்து வைக்கப்பட்டிருந்தான். 1458 ஜனவரி 12 அன்று செகெத் நகரில் காராய் தனக்குத் தெரிந்த ஒரே உத்தியை மறுபடியும் கையில் எடுத்தார். மாத்யாஷின் தாய் எர்ஜெபெத், தாய்மாமன் மிஹாய் சிலாஜி ஆகியோருடன் ஒப்பந்தம்: மாத்யாஷ் அரசராகக் காராய் ஆதரவு தருவார், மாத்யாஷ் காராயின் மகள் அன்னாவை மணப்பார், பழைய சாவுக்குப் பழிவாங்கல் கிடையாது. பன்னிரண்டு நாளில் மாத்யாஷ் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இப்படித் தந்தை அரசரின் சகலையானதுபோல் மகன் அரசரின் மாமனாராக முயன்றார். ஆனால் மணமகனைக் கேட்காமல் செய்த ஒப்பந்தம் அது. பிராகில் மாத்யாஷை வைத்திருந்த, பொஹீமியாவை ஆண்ட போடியெப்ராதின் யிர்ஜி, தன் மகளை அவருக்கு நிச்சயித்த பிறகே விடுவித்தார். அண்ணனின் சாவுக்கு வழிசெய்தவராகக் கருதிய மனிதரின் பெண்ணை மணக்க மாத்யாஷுக்கு விருப்பமும் இருந்திருக்காது. அந்த ஆண்டே காராய் பதவி நீக்கப்பட்டு, மிஹாய் ஓர்சாக் பாலட்டீன் ஆனார். 1459 பிப்ரவரியில் காராயும் பழைய எதிரி உய்லாகியும் வேறு சில பிரபுக்களும் கூடி, புனித ரோமப் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக்கை ஹங்கேரியின் அரசராக அறிவித்தார்கள். சில வாரங்களில் காராய் காலமானார்.

அவர் மனைவி அலெக்சாண்ட்ரா, சிலேசியாவின் தெஷன் கோமகனின் மகள். அவர்களுடைய மகன் யோப் 1481இல் ஆண் வாரிசில்லாமல் இறந்தபோது, 1351ஆம் ஆண்டுச் சட்டம் தன் வேலையைச் செய்தது. சிகிஸ்மண்ட் ஒரு காலத்தில் கைதியாக இருந்த ஷிக்லோஷ் கோட்டையை மாத்யாஷ் எடுத்து, திருமணத்துக்கு வெளியே பிறந்த தன் ஒரே மகன் யானோஷ் கொர்வினுக்குக் கொடுத்தார்.